குளிக்கும் வரை சரி

போன மாதம் எங்கள் மாவட்டத்து அமெச்சூர் ரேடியோப் பிள்ளைகள் நாலு பேர் வீட்டுக்கு வந்தார்கள். கூரைக்கு மேலே கம்பம் நட்டு, அன்ரனா கட்டி, முகம் தெரியாத நாட்டுக்காரனோடெல்லாம் பேசுகிறவர்கள். மாரி தொடங்குமுன் மின்னலுக்கு ஏர்த் போடுவது எப்படி என்று தங்கள் செய்தி ஏட்டுக்கு நான் எழுதித் தரவேண்டுமாம்.

"உங்கட அனுபவத்த எழுதுங்க சேர். முப்பத்துநாலு வருசம் எண்டாச் சும்மாவா?" என்றான் ஒருவன்.

சும்மா இல்லைத்தான். ஆனால் அந்த முப்பத்துநாலு வருஷத்தில் பெரும்பகுதியை ஒரே பிழையைச் செய்வதிலும், அதைக் கெட்டித்தனம் என்று ஊர் முழுக்கச் சொல்லித் திரிவதிலும் கழித்திருக்கிறேன். எழுதுவதென்றால் அதைத்தான் எழுத வேண்டும்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் மின்னலுக்குப் பயந்தவன். என் மனைவி யோகம் வந்தவர் போனவருக்கெல்லாம் சொல்லுவாள்: "முகில் கறுத்தா ஊருக்கு மழை வரும், இவருக்கு வயித்தால போகும்." மிகைப்படுத்தல், ஆனால் பெரிய மிகைப்படுத்தல் இல்லை. வானொலிக் கோபுரங்களைப் பராமரிக்கிற திணைக்களத்தில் சேர்ந்த புதிதில் என்னைக் கோபுரம் ஏறவும் விட்டுப் பார்த்தார்கள். மூன்றாவது தட்டில் கால் உதறி, ஏறவும் மாட்டாமல் இறங்கவும் மாட்டாமல் நின்றவனை இரண்டு பேர் வந்து இறக்கினார்கள். அன்றோடு எனக்கு நிலத்து வேலை. மற்றவர்கள் மேலே ஏற, நான் கீழே குழி வெட்டினேன். 'குழிச் சண்முகம்' என்ற பட்டம் ஓய்வு பெறும்வரை நிலைத்தது.

ஏர்த் என்பது பெரிய மந்திரமல்ல. கம்பத்தில் மின்னல் இறங்கினால் அதை வீட்டுக்குள் நுழைய விடாமல் நிலத்துக்குள் அனுப்பிவிட வேண்டும். அதற்காக நிலத்தில் பெருவிரல் தடிப்பில் ஒரு செப்புக் கம்பியை இறக்கி, கம்பத்தின் அடியிலிருந்து அதுவரை ஒரு செப்புப் பட்டியை ஓட விடுகிறோம். நிலம் மின்னலை ஏற்றுக்கொண்டால் தப்பினோம். ஏற்காவிட்டால் அது வேறு வழி தேடும். அந்த வேறு வழி பெரும்பாலும் அன்ரனா வயர், வயர் வந்து சேரும் ரேடியோ, ரேடியோவுக்கு முன்னால் கதிரையில் இருக்கிற ஆள்.

இதை எனக்குப் படிப்பித்தவர் ரெஜி சேர். மட்டக்களப்பு டவுனில் பறங்கிக் குடும்பம். தகப்பன் கொல்லன் பட்டறை வைத்திருந்தவர்; இரும்பையும் செம்பையும் காதால் கேட்டே அறிகிற பழக்கம் மகனுக்கும் வந்திருந்தது. நாங்கள் போட்ட ஏர்த்தைப் பார்க்க வந்தால் முதலில் ஒன்றும் பேசமாட்டார். காதில் செருகிய பென்சிலோடு குந்தி இருந்து, கம்பியும் பட்டியும் சேருகிற ஒவ்வொரு பூட்டையும் சின்னச் சுத்தியலால் தட்டி, தலையைச் சரித்துக் கேட்பார். இறுக்கமான பூட்டு ஒரு மாதிரிச் சத்தம் தரும், தளர்ந்தது இன்னொரு மாதிரி. பட்டியை எங்காவது சட்டென்று மடித்திருந்தால் அந்த இடத்தில் விரலை வைத்துவிட்டு எங்கள் முகத்தைப் பார்ப்பார். மின்னல் ஓடுகிற வேகத்தில் முடக்கில் திரும்பாது, வெளியே பாய்ந்துவிடும். அவர் ஏசி நான் கேட்டதே இல்லை. "இன்னொருக்கா" என்பார். அந்த ஒரு சொல்லுக்காக முழு வேலையையும் கழற்றிப் பூட்டிய நாட்கள் எத்தனையோ.

பிறகு மீட்டர். மரப்பெட்டிக்குள் இருக்கும், பக்கத்தில் சுற்றுகிற கைப்பிடி. ஏர்த் கம்பியைப் பட்டியிலிருந்து கழற்ற வேண்டும். அதிலிருந்து நேர்கோட்டில் தூரத்தில் ஓர் ஆணி, பாதி வழிக்குச் சற்று அப்பால் இன்னோர் ஆணி. மூன்றுக்கும் வயர் பூட்டி, கைப்பிடியைச் சுற்றினால் முள் ஓர் எண்ணில் நிற்கும். எண் எவ்வளவு சின்னதோ ஏர்த் அவ்வளவு நல்லது. நடு ஆணியை இரண்டு எட்டு முன்னால் வைத்து ஒரு தரமும், பின்னால் வைத்து ஒரு தரமும் சுற்றுவார். மூன்று தரமும் முள் கிட்டத்தட்ட ஒரே இடத்தில் நின்றால்தான் எழுதுவார்.

காய்ந்த மணலில் அந்த அளவை ஆணிகள் சரியாகப் பிடிக்காது. அதனால் ஆணியடியில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றுவோம், அது முறைதான். வேலைக்குச் சேர்ந்த புதிதில், எண் குறையட்டும் என்று ஏர்த் கம்பியடியிலும் ஒரு வாளி ஊற்றிவிட்டேன். ரெஜி சேர் கைப்பிடியை விட்டுவிட்டு எழும்பினார்.

"அளக்கிற ஆணிக்குத் தண்ணி குடுக்கலாம், சண்முகம். ஏர்த்துக்குக் குடுக்கக் கூடா. மின்னல் வரக்குள்ள நீ வாளியோட வந்து நிண்டு ஊத்தவா போறாய்?"

எங்கள் கரையின் நிலைமை அப்படி. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி, இரண்டுக்கும் நடுவில் மணல். கோடை முழுக்கக் கச்சான் காற்று அடித்து மேல்மணலை மாவாக்கிவிடும். அப்படி மாதக்கணக்காய்க் காய்ந்து கிடக்கிற நிலத்தின் மேல்தான் வருஷத்தின் முதல் இடி வந்து விழும். ஏர்த் எப்போது ஆக மோசமாக இருக்குமோ, சரியாக அப்போதுதான் அதற்கு வேலை வரும். ரெஜி சேர் இதற்கு ஒரே வழிதான் வைத்திருந்தார். பக்கத்துக் கிணற்றில் கடும் கோடையில் தண்ணீர் எந்த மட்டத்துக்கு இறங்கும் என்று வீட்டுக்காரரிடம் கேட்பார். கம்பிக்கு மேல் கம்பி பூட்டி, அந்த மட்டத்துக்கும் கீழே போகும்வரை சம்மட்டியால் அடிக்கச் சொல்வார். ஒரு நாள் வேலை. உள்ளங்கை கொப்பளித்துவிடும்.

நான் அதைவிட இலகுவான வழி ஒன்றைக் கண்டுபிடித்தேன்.

வாவிக்கு மேற்கே படுவான்கரைப் பக்கம் எங்கள் திணைக்களத்தின் சின்ன நிலையம் ஒன்று. காவல்காரர் குடும்பம் அங்கேயே இருந்தது. வளவில் கிணறு, பக்கத்தில் குளிக்கிற சீமெந்துத் தளம். குளிக்கிற தண்ணீர் வீணாகாமல் ஓடிப் போய்ச் சேருகிற இடத்தில் நாலைந்து வாழை. எங்கள் பகுதியில் கிணறுள்ள எந்த வளவிலும் காணலாம். சுற்றிவர எல்லாம் காய்ந்து கிடக்க, அந்த வாழையடி மட்டும் கறுத்து, குளிர்ந்து, கால் புதைய ஈரமாக இருந்தது. ஒரே ஒரு கம்பியை அங்கே இறக்கினேன். அரை மணித்தியாலத்தில் வேலை முடிந்தது. மீட்டரைச் சுற்றினால் நாலு! ரெஜி சேர் ஆழமாய் அடித்த கம்பிகளே எட்டு, ஒன்பது என்றுதான் காட்டும்.

அவர் வந்தார். தட்டினார், கேட்டார், மூன்று தரம் சுற்றினார். மூன்று தரமும் நாலு. எனக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. அவரோ என்னை விட்டுவிட்டுக் காவல்காரரின் மனைவியைக் கூப்பிட்டார்.

"இஞ்ச எத்தின பேர் இருக்கிறீங்க, புள்ள?"

"ஆறு பேர் சேர்."

"எல்லாரும் இந்தக் கிணத்திலதான் குளிக்கிறதா?"

"ஓம் சேர், வேற எங்க போற?"

அவர் தலையாட்டிவிட்டுப் பதிவேட்டில் எழுதினார்: *நாலு. குளிக்கும் வரை சரி.*

கந்தோரில் அதைப் படித்துச் சிரிக்காதவர் இல்லை. அதன்பின் யாராவது ஒரு வேலையை அரைகுறையாகச் செய்தால், "குளிக்கும் வரை சரி" என்று சொல்லிச் சிரிப்பது எங்களுக்குள் வழக்கமாகிவிட்டது. நானும் சேர்ந்து சிரித்தேன். தன்னுடைய ஒன்பதை என்னுடைய நாலு வென்றுவிட்டதில் மனிதருக்குக் கொஞ்சம் எரிச்சல் என்றுகூட நினைத்தேன். அதில் என்ன அர்த்தம் என்று ஒரு வார்த்தை அவரிடம் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. பிறகு அவர் ஓய்வு பெற்று, வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளிடம் போனபோது, தான் சொந்தமாக வைத்திருந்த பழைய மீட்டரை என்னிடம் தந்தார். "ஒவ்வொரு கோடைக்கும் அளந்து பார்" என்றார். ஒன்றிரண்டு கோடை அளந்தேன். எல்லா இடமும் நாலு, ஐந்து என்றே காட்டியது. பிறகு விட்டுவிட்டேன்.

வேலையில் இருந்த காலம் முழுக்க, வாழையும் கிணறும் கண்ட இடமெல்லாம் கம்பியை வாழையடியில்தான் இறக்கினேன்.

கம்பம் நட்டாலே ஆயிரம் கேள்வி வந்த காலம் போய், எங்கள் பக்கத்திலும் அமெச்சூர் ரேடியோக்காரர் வரத் தொடங்கினார்கள். நான் ஓய்வு பெறும் தறுவாயில் அவர்களில் ஏழு பேருடைய வீடுகளுக்குப் போய் ஏர்த் போட்டுக் கொடுத்தேன். அதில் ஒருத்தி தேற்றாத்தீவுச் சுகந்தி. மருந்தகத்தில் வேலை. கணவன் ரவி மேசன். ஒரு வருஷத்து வெள்ளத்தில் எல்லாத் தொடர்பும் அறுந்து, சித்தாண்டியில் இருக்கும் தமக்கை உயிரோடு இருக்கிறாளா என்று நாலு நாள் தெரியாமல் பைத்தியம் பிடித்தவள்போல் இருந்தாளாம். அதன்பிறகுதான் படித்து, சோதனை எழுதி, அனுமதிப் பத்திரம் எடுத்திருக்கிறாள்.

"இடி முழங்கினா வயரக் கழட்டி வெளியால போடு, புள்ள" என்று அவளிடம் சொன்னேன்.

"வானம் நல்லா இருக்கக்குள்ள டெலிபோன் இருக்கு மாமா. வானம் கெட்டாத்தானே எனக்கு இந்த ரேடியோ வேணும்? அந்த நேரம் பாத்துக் கழட்டு எண்டா எப்பிடி?"

நியாயமான கேள்வி. ஏர்த் நல்லதென்றால் இடி கிட்ட வரும்வரை கொஞ்சம் பொறுக்கலாம். அவள் வீட்டுக் கிணற்றடி வாழைக்குள் கம்பியை இறக்கி, கார்த்திகை மழைக்குள் அளந்தேன். நாலு. "பயப்படாம இருந்து பேசு" என்று நான்தான் சொன்னேன்.

இதற்குள் எங்கள் கரைக்குக் குழாய்த் தண்ணீர் வந்துவிட்டது. குருக்கள்மடத்தில் எங்கள் வீட்டுக்கும் வந்தது. வீட்டோடு குளியலறை கட்டி, பூவாளி மாதிரிக் கொட்டுகிற குழாய் பூட்டி, நானும் ஆனந்தமாகக் குளித்தேன். "கிணத்தடி வாழை காயுது, ஒரு வாளி தண்ணி ஊத்துங்களன்" என்று யோகம் இரண்டு மூன்று தரம் சொன்னாள். முப்பத்துநாலு வருஷம் ஏர்த் போட்டவன், அந்தச் சொல்லைக் காதில் வாங்கிக்கொண்டு பேப்பர் படித்தேன்.

இந்த வருஷம் கோடை முடிகிற நேரம். பிரஷர் கிளினிக்குக்காகக் களுவாஞ்சிக்குடி பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தேன். தேற்றாத்தீவைக் கடக்கும்போது சுகந்தி வீட்டுக் கம்பம் தென்னைகளுக்கு மேலே தெரிந்தது. பெருமையாகப் பார்த்தேன். அப்படியே கண்ணைக் கீழே இறக்கினேன். வாழைகள் நின்ற இடத்தில் கபில நிறத்தில் நாலு காய்ந்த தண்டு மட்டும் நின்றது. இலை ஒன்றுகூட இல்லை.

முதலில், ஐயோ, வாழை செத்துவிட்டதே என்றுதான் நினைத்தேன். பஸ் இன்னும் கொஞ்சத் தூரம் ஓடிய பிறகுதான் ரெஜி சேரின் கையெழுத்து கண்ணுக்கு முன்னால் வந்தது. *குளிக்கும் வரை சரி.* எழும்பி மணியை அடித்தேன். கண்டக்டர் ஏசினார். இறங்கி, வெயிலுக்குள் வந்த வழியே நடந்தேன்.

சுகந்தி முற்றத்தில் உடுப்புக் காயப்போட்டுக்கொண்டிருந்தாள்.

"என்ன மாமா, இப்பிடி வேர்த்துக்கொட்டுது? உள்ளுக்கு வாங்க."

"சுகந்தி, நீங்க இப்ப எங்க குளிக்கிற?"

அவள் கையிலிருந்த சட்டை அப்படியே நின்றது. "என்ன மாமா கேக்கிறீங்க?"

"குளிக்கிறது எங்க எண்டு கேக்கிறன். கிணத்திலயா?"

ரவி சோற்றுக் கோப்பையோடு வாசலுக்கு வந்துவிட்டான். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கிழவனுக்கு வெயிலில் மூளை பிசகிவிட்டது என்று நினைத்திருப்பார்கள்.

"பைப் வந்ததில இருந்து பாத்ரூமிலதான்" என்றான் ரவி. "கிணத்துப் பக்கம் போய் வருசமாகுது."

கிளினிக்கை விட்டுவிட்டு வீட்டுக்கு ஓடி மீட்டரை எடுத்து வந்தேன். ரெஜி சேர் செய்தபடியே செய்தேன். பட்டியைக் கழற்றி, ஆணிகளை நட்டு, ஆணிகளுக்கு மட்டும் தண்ணீர் ஊற்றி, கைப்பிடியைச் சுற்றினேன். நாலு காட்டிய முள், நானூறையும் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. மூன்று தரமும் அப்படியே. அந்தக் கம்பி மணலில் செருகிய ஈர்க்கில் போலத்தான் நின்றது.

"போன கிழம வாவிக்கு அங்கால முழங்கினது மாமா" என்றாள் சுகந்தி மெதுவாக. "நான் கழட்டயில்ல. நீங்க சொன்னீங்க எண்டு இருந்து பேசினன்."

உள்ளே போய் வயரைக் கழற்றினேன். அவள் ஒரு கண்ணாடிப் போத்தலைக் கொண்டுவந்து, கழற்றிய நுனியை அதற்குள் விட்டு மேசையில் வைக்கப் பார்த்தாள். கண்ணாடிக்குள் மின்னல் வராதாம். ரேடியோக்காரர் பலருக்கும் இந்த நம்பிக்கை இருக்கிறது. முகில் உயரத்திலிருந்து நிலம்வரை பாய்ந்து வருகிறதற்கு விரல் தடிப்புக் கண்ணாடி ஒரு பொருட்டா? ஜன்னலால் வயரை வெளியே எறிந்தேன், கம்பத்தடி மணலில் போய் விழுந்தது.

அடுத்த நாள் கம்பத்தின் அடியிலேயே வேலை தொடங்கினோம். ரவி வேலைக்குப் போகாமல் நின்று சம்மட்டி பிடித்தான், நான் கம்பியைப் பிடித்தேன். முதலாவது கம்பி மணலுக்குள் விறுவிறென்று போனது. அதன் தலையில் இரண்டாவதைப் பூட்டினோம். ஒவ்வொரு பத்துச் சம்மட்டி அடிக்கும் நான் மேற்கே பார்ப்பேன். காலையில் வானம் கழுவித் துடைத்த மாதிரி இருக்கும். பின்னேரம் இரண்டு மணிக்கு மேல் வாவிக்கு அப்பால் முகில் கட்டத் தொடங்கும். "மாமா, வானத்தப் பாக்கிறத விட்டுப்போட்டுக் கம்பியப் புடிங்க, உங்கட கையில அடிச்சிருவன்" என்று ரவி கத்தினான்.

இரண்டாம் நாள் பின்னேரம் அது வந்தேவிட்டது. முதல் முழக்கத்துக்கே சம்மட்டியைப் போட்டுவிட்டு வீட்டுக்குள் ஓடினோம். சுவரில் சாயாமல், வயர் ஓடாத நடு அறையில் மூன்று பேரும் பாயில் இருந்தோம். மழை இல்லை. வெளிச்சம் மட்டும் பளீர் பளீரென்று அடித்தது. ஜன்னலால் பார்த்தால், மணலில் கிடந்த வயரின் நுனியில் நீலப் பொறி ஒன்று டிக், டிக் என்று தெறித்தது. ஒன்றிலும் மின்னல் விழவில்லை. முகில் மேலே நிற்கிறதற்கே அந்தப் பொறி. சுகந்தி அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். கழற்றியிருக்காவிட்டால் அந்த நுனி அவளுடைய கைக்குப் பக்கத்தில் இருந்திருக்கும். சற்று நேரத்தில் காது அடைக்க ஒரு வெடி. மூன்று வளவு தள்ளி நின்ற தென்னையின் தலை புகைந்தது.

மூன்றாம் நாள் மூன்றாவது கம்பியின் பாதியில் சம்மட்டியின் சத்தம் மாறியது. மணலின் வறட்டுச் சத்தம் போய், மந்தமாகக் கேட்டது. கிணற்றின் கோடைத் தண்ணீர் மட்டத்தைத் தொட்டுவிட்டோம். இன்னும் ஒரு கம்பி அடித்து, வீட்டுக் கரண்டின் ஏர்த்தையும் அதோடு சேர்த்துக் கட்டி, பூட்டுகளைச் சுத்தியலால் தட்டிக் கேட்டு, மீட்டரைச் சுற்றினேன். ஒன்பது. நாலு இல்லை, ஒன்பது. ஆனால் யார் குளித்தாலும் குளிக்காவிட்டாலும் அது ஒன்பதுதான்.

"இப்பிடி வாழையடியில எத்தின வீட்டில போட்டிருக்கிறீங்க மாமா?" என்று சுகந்தி கேட்டாள்.

ரேடியோக்காரர் வீடு இன்னும் ஆறு என்றேன். திணைக்கள நிலையங்களை நினைக்கவே தலை சுற்றியது. அன்றே என் பழைய கந்தோருக்கு டெலிபோன் எடுத்து, வெட்கத்தை விட்டு எல்லாவற்றையும் சொன்னேன். அவர்கள் உடனே ஆள் அனுப்பி ஒவ்வொன்றாக மாற்றத் தொடங்கினார்கள். அந்த ஆறு வீடுகளுக்கும் சொல்ல வேண்டியது என் பொறுப்பு. அடுத்த நாள் காலை வானம் தெளிந்திருந்தபோது சுகந்தி வயரைப் பூட்டி, ரேடியோவுக்கு முன்னால் இருந்து, தன் அழைப்புக் குறியைச் சொல்லி, எல்லோரையும் கூப்பிட்டாள். நான் பின்னால் ஒரு முக்காலியில் இருந்தேன்.

"சண்முகம் மாமா ஏர்த் போட்ட வீட்டுக்காரருக்கு ஒரு அவசரச் செய்தி. கிணத்தடி வாழ காய்ஞ்சிருந்தா அந்த ஏர்த் வேல செய்யாது. வயரக் கழட்டி வெளியால போடுங்க. இப்ப நீங்க கிணத்தில குளிக்கிறீங்களா, பாத்ரூமில குளிக்கிறீங்களா? பதில் சொல்லுங்க."

காற்றலையில் இப்படி ஒரு கேள்வியை இதற்கு முன் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். பதில்கள் ஒன்றொன்றாக வந்தன. பாத்ரூம். பாத்ரூம். வாழையை வெட்டியே போட்டோம். கம்பம் போன வருஷக் காற்றில் விழுந்துவிட்டது, இப்போது கூரையோடு கட்டிய வயரில் பேசுகிறோம். பாத்ரூம். ஐந்து பேர். ஆறாமவர் பதில் சொல்லவில்லை. சித்தாண்டிக் கந்தப்போடி மாஸ்டர், ஓய்வு பெற்ற விஞ்ஞான ஆசிரியர், எழுபத்தெட்டு வயது. சுகந்தி நாலைந்து தரம் கூப்பிட்டாள். டெலிபோனும் எடுபடவில்லை.

இரண்டு பஸ் மாறிச் சித்தாண்டிக்குப் போய் இறங்கப் பின்னேரம் மூன்று மணியாகிவிட்டது. வழி முழுக்க ஜன்னலால் வானத்தைத்தான் பார்த்தேன். வயல் வட்டைப் பக்கமாக முகில் கறுத்து ஏறிக்கொண்டிருந்தது. ரேடியோவுக்கு முன்னால் கதிரையில் சரிந்து கிடக்கிற மாஸ்டரை மனதுக்குள் நூறு தரம் கண்டுவிட்டேன். கோயிலடியிலிருந்து கிட்டத்தட்ட ஓடினேன். முதல் முழக்கம் கேட்டபோது அவர் வளவு வாசலின் கடப்படிக்கு வந்துவிட்டேன்.

வாழைகள் பச்சைப் பசேலென்று நின்றன. குலை தள்ளியிருந்தது. எனக்கு உயிர் திரும்பி வந்த மாதிரி இருந்தது. அந்த மனிதர் இன்னும் கிணற்றில்தான் குளிக்கிறார்! ஏர்த் நாலாகத்தான் இருக்கும், ரேடியோவுக்கு ஒன்றும் ஆகாது என்று கடப்படியைப் பிடித்துக்கொண்டு மூச்சு விட்டேன்.

அப்போதுதான் வாளிச் சத்தம் கேட்டது. மாஸ்டர் வாழைகளுக்குப் பக்கத்தில் குளித்துக்கொண்டிருந்தார். வெறுங்கால், ஈரச் சீமெந்து, தலை முழுக்கச் சவக்கார நுரை. அவர் காலடியிலிருந்து ஓடிய தண்ணீர் என் செப்புக் கம்பியின் தலையைக் கழுவிக்கொண்டு போனது. கம்பத்திலிருந்து வந்த பட்டி அவருடைய குதிக்காலிலிருந்து இரண்டு எட்டில் நிலத்துக்குள் இறங்கியது. மேலே முகில் கறுத்து நின்றது.

மின்னலை நிலத்துக்குள் இறக்குகிற இடம் என்று நான் வருஷக்கணக்காய்த் தெரிந்தெடுத்தது, மனிதர்கள் நனைந்த உடம்போடு வெறுங்காலில் நிற்கிற இடத்தை. ரெஜி சேரும் எத்தனை பேர் குளிக்கிறார்கள் என்று கேட்டார், கம்பிக்காகக் கேட்டார். குளிக்கிறவர்களுக்காக நாங்கள் இரண்டு பேருமே கேட்கவில்லை.

"மாஸ்டர், வெளியால வாங்க! உள்ளுக்குப் போங்க!"

"ஆரது? சண்முகமா? பொறு, சவக்காரம் போட்டிருக்கன், கண் தெரியிதில்ல."

ஓடிப்போய்க் கையைப் பிடித்து இழுத்தேன். ஈரச் சாரத்தோடும் நுரையோடும் அவரை விறாந்தைக்கு ஏற்றி, உள் அறைக்குத் தள்ளினேன். பின்னாலேயே ஒரு வெளிச்சமும் முழக்கமும். கம்பத்தில் விழவில்லை, எங்கேயோ வட்டைக்குள் விழுந்தது. அந்த முகில் முக்கால் மணித்தியாலம் தலைக்கு மேலே நின்று உறுமிவிட்டுப் போனது. மாஸ்டர் காய்ந்த நுரையோடு குளிரில் நடுங்கிக்கொண்டு என்னை ஏசினார். ரேடியோ பழுதாகி இரண்டு மாதமாம், டெலிபோனில் சார்ஜ் இல்லையாம், பைப் தண்ணியில் குளித்தால் தடிமன் பிடிக்குமாம்.

"என்னத்துக்கு இப்பிடிப் பயந்து சாகிறாய்? நீதானே சொன்னாய், இஞ்ச மின்னல் விழுந்தா அவ்வளவும் வாழையடிக்குள்ள போயிரும் எண்டு?"

"ஓம் மாஸ்டர். அதுக்குத்தான் பயம்."

அவர் விஞ்ஞானம் படிப்பித்தவர். துவாயால் முகத்தைத் துடைத்துக்கொண்டே கிணற்றடியைப் பார்த்தார்.

இருட்டுமுன் கம்பத்தைச் சரித்துக் கிடத்திவிட்டுத் திரும்பினேன். அடுத்த நாள் காலை இரும்பு அலவாங்கோடும் புதுக் கம்பிகளோடும் போனபோது அவர் மறுபடியும் கிணற்றடியில் நின்றார், முதல் நாள் குறையில் விட்ட குளிப்பாம். கம்பம் நிலத்தில் கிடந்தது. வானத்தில் ஒரு பொட்டு முகிலும் இல்லை. என்றாலும் எனக்கு வேலையில் கை ஓடவில்லை. அலவாங்கை ஊன்றிக்கொண்டு, அவர் குளித்து முடியும் வரை வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.